கொள்ளைநோய்க் காலத்து மனைவளர் உயிரோம்பல்

பதி பசு பாசம் என்னும் முப்பொருளின் இயல்பை ஆராய்தலே நோக்கமாகவுடைய இவ்வேட்டின்கண் நாயையும் பூனையையும் பற்றி ஒரு கட்டுரை வரைதல் தகுமோ எனச் சிலர் வினவுதல் கூடும். தகும் என்பதே எம் துணிபு. என்னை? பசு என்னுஞ் சொல் மக்களுயிரை மட்டும் குறிப்பதன்று. ஆணவமலத்தாற் பிணிப்புண்ட உயிர்கள் அனைத்தையுங் குறிப்பது. நால்வகைத் தோற்றத்தும் எழுவகைப் பிறப்பினும் உழல்வன யாவும் அச்சொல்லுள் அடங்கும். வாயிற்கண் கிடக்கும் நாயும், அதற்குச் சோறிடும் மனைத்தலைவனும் ஒரு கட்டிற் கட்டுண்டவரே. உடம்பும் கருவியும் பற்றி வந்த வேறுபாடு மட்டுமே அவர்க்கிடையே உளது. ஆகலின், அவ்விருவர்க்கும் உள்ள தொடர்பு ஓர் இடுக்கண் நேர்ந்தவழி எந்நிலை எய்தற்பாலது என்பது நம்மனோர் ஆராயற்குரிய பொருளேயாம்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாள் உலக சுகாதார நிறுவனத்தார் கோவிட்-19 என்னும் நோயைப் பெருந்தொற்று எனக் கூறினர். அத்திங்கள் 25-ஆம் நாள் தொட்டு நம் நாட்டில் ஊரடங்கு நிகழ்ந்தது. அந்நோய் பற்றிய உலகளாவிய நெருக்கடிநிலை 2023 மே 5-ஆம் நாள் நீங்கியதாக அந்நிறுவனத்தாரே அறிவித்தனர். அச்சம் மிக்க நாட்களில் இத்தகைய ஆராய்ச்சி செல்லாது. அடுத்த கொள்ளைநோய் வருமுன், மனம் அமைந்திருக்கும் இக்காலமே அதற்கு ஏற்றது.

அந்நாட்களில் நேர்ந்தன யாவை? உணவுக் கடைகள் அடைபட்டமையால் தெருநாய்கள் எச்சில் இலையும் இன்றி வாடின. இவற்றினும் இரங்கத்தக்கன வீட்டில் வளர்ந்தவை. நாயும் பூனையும் நோயைப் பரப்பும் என்றொரு வதந்தி எழவே, பல்லாண்டு தம் மடியில் வைத்து வளர்த்தவற்றைச் சிலர் தெருவில் விட்டுக் கதவடைத்தனர். தட்டை மூக்கும் நெடுமயிரும் உடைய சீமை இனத்து நாய் நம் தெருவில் எங்ஙனம் பிழைக்கும்? அதற்கு இரைதேடும் வன்மையும் இல்லை, தெருநாய்களோடு பொருது நிற்கும் ஆற்றலும் இல்லை. அவ்வன்மையை நீக்கி, நம்மையின்றி வாழமாட்டாத வண்ணம் அவ்வினத்தைச் சமைத்தது மக்களாகிய நாமே.

எம் ஊரில் 2021 மே மாதத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவாம். ஒரு வீட்டார் நால்வரையும் ஒரே இரவில் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர். கொல்லையில் கட்டியிருந்த நாயை அவர் நினைந்திலர். நோய் மயக்கத்தில் சென்றாரைக் குற்றங்கூறல் எம் கருத்தன்று. இரண்டு நாள் அது கத்தியது. தெருவார் அனைவர் செவியினும் விழுந்தது. மூன்றாம் நாள் பாற்காரன் மகன், பதினான்கு வயதுச் சிறுவன், மதிலேறிக் குதித்துத் தண்ணீர் காட்டினான். சித்தாந்த நூல்களில் நல்ல பயிற்சியுடைய முதியவர் ஒருவர் அத்தெருவில் உளர். அவரை யாம் பின்னர்க் கண்டுழி இதுபற்றி வினவினேமாக, “அதனதன் பிராரத்தம், நுகர்ந்தே கழிக்க வேண்டும்” என்று விடை தந்தனர். இக்கட்டுரை அவ்விடையினின்றே பிறந்தது. கல்லாதார் கூறியிருப்பின் விட்டிருப்பேம். கற்றார் வாயிற் பிறந்தமையானும், அவர் ஒருவரே அங்ஙனம் கூறினார் அல்லராகலானும், அதனை நிறுத்துப் பார்த்தல் கடனாயிற்று.

நாய் நுகர்ந்த துன்பம் அதன் வினைப்பயனே என்பதை மறுப்பார் சைவராகார். ஆயின், ‘ஆகலின் யாம் செய்யக் கிடந்தது ஒன்றில்லை’ என்னும் முடிபு அதனினின்று எங்ஙனம் பெறப்படும்? வினை சடப்பொருள். செய்த உயிரைத் தானே அறிந்து சென்று பற்றித் தன் பயனை ஊட்டும் அறிவு அதற்கில்லை. வினையே பயன்தரும், தருவான் ஒருவன் வேண்டா என்பது மீமாஞ்சகர் கொள்கை. அருணந்தி சிவாசாரியர் தம் சித்தியாரின் பரபக்கத்தில் அக்கொள்கையினரை எடுத்து மறுத்தமை நம்மவர் அறிந்ததே. பயனை ஊட்டுவான் முதல்வன். அவன் அதனை ஊட்டுங்கால் உலகத்துப் பொருள்களையும் உயிர்களையும் வாயிலாகக் கொண்டே ஊட்டுகின்றான். நாடோறும் அந்நாய்க்குக் கிடைத்த சோறும் அதன் வினைப்பயனே. அஃது வானினின்று வீழ்ந்ததன்று, ஒருவர் கையினின்று வந்தது. இரண்டு நாட்பசி பிராரத்தமாயின், மூன்றாம் நாள் மதிலேறி வந்த சிறுவனும் பிராரத்தமே. இன்ன துன்பம் இத்துணை நாள் என்னும் அளவை அறிந்தவன் இறைவன் ஒருவனே. அவ்வளவை நாம் அறிந்தேம் போலக் கூறித் திண்ணையில் அமர்ந்திருத்தல் அவன் தொழிலை நாம் மேற்கொண்டவாறாம்.

இன்னுமொன்று. நாய் தன் பிராரத்தத்தை நுகர்ந்தது. அதன் குரலைக் கேட்டு வாளா இருந்தார்க்கு அவ்விரண்டு நாளில் ஈட்டப்பட்டது யாது? அது ஆகாமியம் அன்றோ? துன்புறுவானது பழவினை, துன்பஞ் செய்வானையும் கண்டிருந்து உதவாதானையும் விடுவிக்குமாயின், கள்வனும் கொலைஞனும் அந்நியாயமே பேசித் தப்புவர். அரசன் முறைசெய்தலும் ஆசிரியன் நல்லொழுக்கம் உணர்த்தலும் வேண்டாவாய் முடியும். மக்கட்பிறப்பிற்கு உள்ள சிறப்பே நல்வினை தீவினைகளை அறிந்து செய்யவும் ஒழியவும் வல்லமை. நாய்க்கு அத்தகுதி இல்லை. அது நுகரும் நிலையினது. எனவே அவ்விரண்டு நாளிலும் பிழை செய்யவோ அறஞ் செய்யவோ இடம் பெற்றிருந்தவர் தெருவில் இருந்த நாமே.

வினைக் கொள்கை தன் துன்பத்தைப் பொறுத்தற்பொருட்டு நமக்கு அருளிச்செய்யப்பட்டதேயன்றிப் பிறிதோருயிர் துன்பத்தை நாம் எளிதிற் பொறுத்துக்கொள்ளுதற்கு அன்று. அப்பெரியவர்க்கே அத்திங்களில் காய்ச்சல் கண்டபோது, பிராரத்தம் என்று படுத்திராமல் மருத்துவரை நாடினர், மருந்துண்டனர், நலமடைந்தனர். அவர் செய்தது சாலவும் நன்று. அந்நன்மையை மதிலுக்கு அப்பாலும் நீட்டியிருக்கலாம் என்பதே யாம் வேண்டுவது.

இவ்விடத்து ஆளுடைய பிள்ளையார் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி நினைவுகூரற்பாலது. கொடிமாடச் செங்குன்றூரில் அவரும் அடியார் திருக்கூட்டமும் எழுந்தருளியிருந்த பனிக்காலத்தில் குளிர்சுரம் பலரையும் பற்றிற்று என்பர் சேக்கிழார் பெருமான். அந்நோய் அந்நிலத்தின் இயல்பு என்பதைப் பிள்ளையார் மறுத்திலர். வினையால் வருவது என்பதையும் மறுத்திலர். மறுக்காமலே, வினையென்று சொல்லிக்கொண்டு நீங்கும் வழியை நாடாதிருத்தல் குறைபாடாம் என்னும் கருத்தை முதற்கண் அமைத்துத் திருநீலகண்டப் பதிகத்தை அருளினர். அடியாரை மட்டுமன்றி அந்நாட்டையே அச்சுரம் விட்டகன்றது. தொற்றுநோய்க் காலத்தில் வினை பற்றிப் பேசுவார்க்கு இதனின் மேற்பட்ட பிரமாணம் வேண்டுவதில்லை.

இனி அச்சத்தின் பெயரால் நிகழ்ந்தவற்றை நோக்குவாம். அச்சம் எப்பொழுதும் பொய்யென்று கூறேம். அறிவோடு கூடாத அச்சமே தீங்கு விளைப்பது. 1665-இல் இலண்டன் மாநகரில் கொள்ளைநோய் மூண்டபோது, நகராட்சித் தலைவர் ஆணையால் நாய்களும் பூனைகளும் கொல்லப்பட்டன. அந்நோய் எலியின்மேல் வாழும் தெள்ளுப்பூச்சியாற் பரவுவது என்பதைப் பால் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1898-இல் கராச்சி நகரில் செய்த ஆராய்ச்சியாற் கண்டனர். இலண்டன் மக்கள் எலிக்குப் பகையாகிய பூனையைக் கொன்று எலிக்கு இடங்கொடுத்தனர் என்பது இருநூறு ஆண்டின் பின்னரே விளங்கிற்று. அக்காலத்தார் அறியாமையாற் செய்தனர் என்று பொறுக்கலாம். 2021 ஆகத்துத் திங்களில் ஆத்திரேலிய நாட்டுப் பூர்க்கு என்னும் ஊராட்சியார், காப்பகத்தார் வந்து கொண்டுசெல்லவிருந்த பதினைந்து நாய்களைக் குட்டிகள் உட்படச் சுட்டுக் கொன்றதற்கு யாது கூறுவது? நாய்களிடம் நோயிருந்ததன்று; அவற்றை அழைத்துச்செல்ல வருவார் நோய் கொணரக்கூடும் என்பதே அவர் கூறிய ஏது.

உண்மைநிலை இது. 2020-இன் தொடக்கத்தில் ஆங்காங்கு நகரில் முதுமையெய்திய நாயொன்றினிடம் இக்கிருமி காணப்பட்டது. நோயுற்ற மனைத்தலைவரிடமிருந்தே அஃது அதனை அடைந்தது. பின்னர்ப் பல நாடுகளிலும் பூனைகளுக்கும் நாய்களுக்கும் தொற்றியது அறியப்பட்டது. பெரும்பாலும் அவை எளிய நோயுற்று நலமடைந்தன. 2021 சூன் மாதத்தில் நம் வண்டலூர் உயிரியற் பூங்காவில் சிங்கங்கள் பலவற்றிற்கு இந்நோய் கண்டு, பெண்சிங்கம் ஒன்று இறந்தது. அவை ஊர்சுற்றி நோய் தேடிக்கொண்டன அல்ல. விலங்கினின்று மக்கட்குத் தொற்றியதும் சிறுபான்மை உண்டு. தாய்லாந்தில் 2021-இல் நோயுற்ற பூனை தும்மியமையால் கால்நடை மருத்துவர் ஒருவர்க்குத் தொற்றியதெனக் கண்டனர். 2022 சனவரியில் ஆங்காங்கில் ஹாம்ஸ்டர் என்னும் வளர்ப்பெலிகளினின்று மக்கட்குப் பரவிற்று. அதுபற்றி ஏறக்குறைய இரண்டாயிரம் சிற்றுயிர்களைக் கொல்லுமாறு ஆங்கு ஆணை பிறந்தது. இவற்றையெல்லாம் ஒருங்கு வைத்து நோக்கின், வீட்டு விலங்கினின்று மனிதர்க்கு வரும் இடர் மிகச் சிறிது என்பதும், மனிதரினின்று அவ்விலங்கிற்குச் செல்வதே பெரிதென்பதும் புலனாம். நாம் நோயைக் கொடுத்தேம்; கொடுத்த பழியையும் அவற்றின்மேல் ஏற்றினேம்.

ஈண்டு மற்றொரு கடா நிகழும். விலங்கின்மாட்டு வைக்கும் அன்பு பற்றேயன்றோ? பாகவதத்துக் கூறப்படும் பரதன் மான்கன்றொன்றை எடுத்து வளர்த்து, இறக்குங்காலத்தும் அதனையே நினைந்து மானாய்ப் பிறந்தனனே. பாசம் அறுக்கப் புகுந்தார் புதுப்பாசம் ஆக்கிக்கொள்ளலாமோ என்பர். இக்கடா முன்னையதினும் வலிது. வினை பேசினார் கூற்றில் சோம்பல் கலந்திருந்தது. இதில் உண்மையான ஓர் அச்சம் உளது. ஆகலின் சற்று விரித்து விடை கூறுவாம்.

பரதனிடத்து நேர்ந்த குறை யாது? ஆற்றில் வீழ்ந்த கன்றை எடுத்ததன்று. அதற்குப் புல்லும் நீரும் தந்ததன்று. ‘எனது’ என்றதே குறை. யான் எனது என்னும் செருக்கு ஆணவத்தின் விளைவு. அது மானின்மேற் படரினும் மகன்மேற் படரினும் பொன்மேற் படரினும் ஒன்றே. 2020-இல் வீட்டினுள் அடைபட்ட மக்கள் பொழுதுபோக்கிற்கென நாய்க்குட்டிகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினர். பல நாடுகளில் அவற்றிற்குத் தட்டுப்பாடே உண்டாயிற்று. ஊரடங்கு நீங்கி, அலுவலகங்கள் திறந்தபின், அவற்றுட் சில தனித்துக் கிடந்து ஏங்கின. சில தெருவிற்கு வந்தன. வாங்கியதும் எனதென்னும் வேட்கை. விட்டதும் எனதென்னும் உரிமை. எனது பொருளை வேண்டுங்கால் வைத்துக்கொள்வேன், வேண்டாக்கால் எறிவேன் என்பான் ஒருவனே இரண்டிடத்தும் நிற்கின்றான். ஆகவே விலங்கைக் கைவிடுதல் பற்றறுத்தலன்று. அது அப்பற்றின் மற்றொரு முகம். தன்னுடம்பின் மேலுள்ள பற்று முனைத்து நின்றபோது நாயின் மேலிருந்த சிறுபற்று தோற்றது, அவ்வளவே. அதனைத் துறவென்று பெயரிட்டு அழைத்தல் துறவிற்கு இழுக்கு.

பற்றின்றி இரங்குதல் எத்தன்மைத்து என்பதைத் திருமூல நாயனார் வரலாறு காட்டும். கயிலையினின்று போந்த அச்சிவயோகியார் திருவாவடுதுறையை வணங்கிச் செல்லும் வழியில், சாத்தனூர் ஆயன் மூலன் இறந்துகிடப்ப, அவன் மேய்த்த பசுக்கள் அவ்வுடலைச் சூழ்ந்து மோந்து கதறி நின்றன. மேய்ப்பானை இழந்த விலங்குகளின் துயரம்; கொள்ளைநோய் நாட்களில் பல வீடுகளில் நாம் கண்டதும் அதுவே. யோகியார், அவற்றின் வினை அது என்று கடந்துபோயினாரல்லர். இவன் உயிர்பெற்றாலன்றி இவை துயர் நீங்கா எனத் தெளிந்து, தம் உடம்பை ஓரிடத்து வைத்து அவ்வாயனுடம்பிற் புகுந்தனர். பசுக்கள் களித்தன, வயிறார மேய்ந்தன, துறையில் நீருண்டன, மாலையில் தத்தம் மனை புக்கன. அதுவரையில் அவர் அவற்றைப் பிரிந்திலர். அன்று மாலையே மூலன் மனைவி வந்து அழைத்தபோது, தமக்கு அவளோடு தொடர்பில்லை எனக் கூறி அகன்றனர். மனைவியின் அழைப்பிற்கு இசையாத பற்றின்மையும், பசுவின் கண்ணீர்க்கு இரங்கிய அருளும் ஒரே நாளில் ஒருவரிடத்தே நிகழ்ந்தன. இவ்விரண்டையும் முரணென்று கொள்வார் சேக்கிழார் பெருமான் திருவுள்ளத்தை உணர்ந்தாராகார். அவ்விரக்கத்தின் வழியாகவே நமக்குத் திருமந்திரம் கிடைத்தது. அந்நூலுள் எவர்க்கும் எளிதாக அவர் கூறிய அறங்களில் பசுவிற்கு ஒரு வாய்ப் புல் ஈதலும் ஒன்றாக அமைந்தமை வியப்பன்று. மதுரையில் தாயை இழந்த பன்றிக்குட்டிகளுக்கு இறைவன் தானே தாய்ப்பன்றியாய் முலைகொடுத்த திருவிளையாடலையும் ஈண்டு உடன்வைத்து எண்ணுக.

மக்கள் பசித்திருக்க விலங்கிற்குச் சோறிடலாமோ என்பதும் கேட்கப்பட்டது. ஊரடங்கு நாட்களில் கூலித் தொழிலாளர் நூற்றுக்கணக்கான கல் தொலைவு நடந்தே தம் ஊர் சென்றதை நாம் மறந்திலம். மக்கட்கு முதலிடம் என்பதில் வழக்கில்லை. எனினும், நாயின் கவளத்தைப் பறித்து அவ்வழிநடையாளர்க்கு ஈந்தார் எவரையும் யாம் கண்டிலம். அவர்க்கு ஈந்தார் பெரும்பாலும் நாய்க்கும் ஈந்தவரே. ஆசாரம் பற்றி ஐயுறுவார்க்கும் ஒரு சொல். நாயைத் தொடலாகாது, பூசையறையில் விடலாகாது என்பன சரியே. எவரும் மீற வேண்டுவதில்லை. சோறிடலாகாது என்று எவ்விதியும் இல்லை. வைசுவதேவத்தில் நாய்க்கும் காக்கைக்கும் பலியிடுதல் இல்லறத்தார்க்கு விதித்ததேயாம். பூசைக்குரிய தூய்மையை ஓம்புவார் புறத்திண்ணையில் ஒரு சட்டி நீர் வைத்தற்கு எவ்வாசாரமும் குறுக்கே நில்லாது.

இந்நாட்டுச் சட்டமும் இதனைக் கருதியுளது. ஆடற்கலையிற் புகழ்பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் 1953-இல் மாநிலங்களவையில் கொணர்ந்த தனி மசோதாவே வித்தாக, 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் உண்டாயிற்று. பசியாலோ நீர்வேட்கையாலோ துன்புறத்தக்க நிலையில் விலங்கைக் காரணமின்றிக் கைவிடுதல் அச்சட்டத்தின் பதினொன்றாம் பிரிவால் குற்றம். 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்திற்கு அவ்வம்மையாரே முதல் தலைவர். நம் தமிழகத்து அம்மையார் ஒருவர் செய்த இவ்வறத்தை நம் மடங்களில் அறிந்தார் சிலரே என்பது எமக்குச் சிறிது வருத்தந் தருகின்றது.

இனிச் செயற்பாலன சில. நோயுற்ற ஒருவர் தம் விலங்கினின்றும் விலகியிருத்தல் வேண்டும். வீட்டில் நோயிலார் வேறொருவர் அதற்கு உணவிடுக. அணைத்தல், முகத்தோடு முகம் சேர்த்தல், தாம் உண்டது ஊட்டல் ஆகியன அந்நாட்களில் ஆகா. விலங்கின் முகத்தில் கவசம் கட்டுதல் கூடாது. கைக்கு இடும் கிருமிநாசினியை அதன் உடம்பிற் பூசுதல் பெருந்தீங்கு. அது தன்னை நக்கும் இயல்பினதாகலின் அந்நஞ்சு வயிற்றினுட் செல்லும். உணவிட்டபின் சோப்பினாற் கைகழுவுதல் போதும். இரண்டு வாரத்திற்கு வேண்டும் உணவும் வழக்கமான மருந்தும் வீட்டில் இருத்தல் நன்று.

இவற்றினும் இன்றியமையாதது ஒன்று. வீட்டார் அனைவரும் ஒருங்கே நோயுறின் அவ்விலங்கை ஏற்றுக்கொள்வார் யார் என்பதை முன்னரே ஒருவரோடு பேசி முடித்து, அவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கதவின் உட்புறத்து ஒட்டிவைத்தல் வேண்டும். எம் ஊர் நாய் இரண்டு நாள் வருந்தியது கொடியார் எவரும் இருந்தமையால் அன்று. அத்தகைய தாளொன்று இல்லாமையால். தனித்து வாழும் முதியோர்க்கு இது மிகவும் வேண்டப்படும். நீத்தார் கடனைப் பதினாறாம் நாள் வரை குறைவறச் செய்யும் புதல்வர், நீத்தார் கையால் உண்ட பூனையை அப்பதினாறு நாளும் எவர் பொறுப்பில் விட்டனர் என்றும் எண்ணுதல் தகும். ஆதீனங்கள் பல பசுமடங்களைப் போற்றி வருகின்றன. கொள்ளைநோய் நாட்களில் மட்டுமேனும், தலைவரை இழந்த நாய் பூனைகட்கு மடத்துப் புறந்தோட்டத்தில் ஓரிடம் ஒதுக்கலாமோ என்பதைத் தம்பிரான் சுவாமிகளும் மடத்து அலுவலரும் ஆராய்வாராக. செலவு சிறிது, காவலுக்கு ஓர் ஆள் போதும்.

தீராநோயுற்று வருந்தும் விலங்கின் உயிரை மருத்துவரைக் கொண்டு விடுவித்தல் கொலையோ அருளோ என்று அன்பர் ஒருவர் எழுதிக் கேட்டுள்ளார். அது இக்கட்டுரையில் அடங்காத தனிப்பொருளாகலின் பிறிதோர் இதழில் ஆராய்வாம்.